தலையெழுத்தா? கையெழுத்தா?

(புதுவை முதலியார்பேட்டைப் பொதுக்கூட்டத்தில் வேலையில்லாத் திண்டாட்டம் பற்றிப் பேசியது)



இன்றைய தினம் நம்மைப் பேசும்படி கேட்டுக்கொண்ட விஷயம் வேலையில்லாத் திண்டாட்டம் என்பதாகும். இதைப்பற்றிப் பேசுவதற்கு நாம் பொருளாதார சாஸ்திரம் படித்தவரல்ல. எந்தக் கலாசாலையிலும் பட்டம் வாங்கியவருமல்ல. நமது படிப்பெல்லாம் வாசகசாலைப் படிப்பும், தெருவில் கண்டதும், நாலு பேரைக் கேட்டுத் தெரிந்ததுமேயாகும். என்றாலும், வேலையில்லாதவன் வீட்டு அடுப்பு எப்படி யிருக்கும் என்பதைத் தெரிந்துகொள்ளக் கலாசாலைக்குப் போக வேண்டியதில்லை யாதலால், துணிந்து உங்கள் முன் நிற்கிறோம். நாம் சொல்லுகிறோம் என்பதற்காக எதையும் நம்பிவிட வேண்டாம். உங்கள் புத்தியில் போட்டு நிறுத்துப் பாருங்கள். எடை சரியாயிருந்தால் எடுத்துக் கொள்ளுங்கள். குறைந்தால் இங்கேயே போட்டுவிட்டுப் போங்கள்.

ஒரு தகப்பனாரும் ஒரு ஜாதகமும்

சென்ற மாதம் பாகூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றிற்குப் பிரசாரத்திற்காகப் போயிருந்தோம். கூட்டம் முடிந்தபின் ஒரு பெரியவர் நம்மைத் தமது வீட்டுத் திண்ணைக்கு அழைத்துப் போய்த் தமது மகனைக் காட்டினார். பையன் தொழிற்பயிற்சி நிலையத்தில் பிட்டர் வேலை படித்தவன். படிப்பு முடிந்து நான்கு வருஷமாகிறது. நிலையான வேலை யில்லை. முகூர்த்த காலத்தில் கல்யாண மண்டபத்தில் பந்தி பரிமாறுவதும், அறுப்புக் காலத்தில் மூட்டை தூக்குவதுமாக நாட்கள் போகின்றன.

பெரியவர் சொன்னார்: "பையனுக்கு ஏழரைச் சனிங்க. கறவை மாட்டை வித்துத் திருநள்ளாறு போய்ப் பரிகாரம் பண்ணினோம். இன்னும் ரெண்டரை வருஷம் பல்லைக் கடிச்சிக்கிட்டு இருக்கணுமாம்."

தோழர்களே! அவரைக் கேலி செய்ய நமக்கு மனம் வரவில்லை. பெற்ற பிள்ளைக்காகக் கறவை மாட்டை விற்கிற ஒரு தகப்பனைக் கேலி செய்கிறவன் பகுத்தறிவுக்காரனல்ல, வெறும் வாயாடியே யாவான். நாம் அவரிடம் ஒன்றே ஒன்று கேட்டோம். "இந்த ஊரில் இப்படிப் படித்துவிட்டு வேலையில்லாமலிருக்கிற பிள்ளைகள் எத்தனை பேர்?" என்றோம். பெரியவர் விரல்விட்டு எண்ண ஆரம்பித்தார். தெருத் தெருவாக எண்ணினார். பையன் ஞாபகப்படுத்த, காலனியையும் சேர்த்து எண்ணினார். முப்பத்தெட்டில் நிறுத்தினார்.

"முப்பத்தெட்டுப் பேருக்கும் ஏழரைச் சனியா?" என்றோம்.

பெரியவர் பதில் சொல்லவில்லை. பையன்தான் கேட்டான்: "அப்படின்னா வேற எதுங்க காரணம்?"

அன்றைக்கு நேரமாகிவிட்டபடியால் அவனுக்கு அரைகுறையாகத்தான் பதில் சொல்லிவிட்டு வந்தோம். இன்று உங்களிடம் பேசப்போவது அந்தப் பதிலின் மீதியே யாகும்.

கப்பலேறிய காலம்

வேலையில்லாமை புதுவைக்குப் புதிதா? அல்ல. இருநூறு வருஷத்துக் கதையைப் புரட்டினால், இந்த ஊரின் பெரிய வியாபாரங்களில் ஒன்றே வேலையில்லாத மனிதனை ஏற்றுமதி செய்வதுதான் என்பது விளங்கும்.

பிரெஞ்சுக்காரருக்கு இந்து மகாசமுத்திரத்தில் ரெயூனியன் என்று ஒரு தீவு. அட்லாண்டிக் சமுத்திரத்திற்கு அப்பால் மார்த்தினிக், குவாதலூப் என்று இரண்டு தீவுகள். அங்கெல்லாம் கரும்புத் தோட்டங்கள். அவற்றில் பாடுபட்டவர் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுபோகப்பட்ட அடிமைகள். 1848ஆம் வருஷம் பிரெஞ்சு சர்க்கார் அடிமைத்தனத்தை ஒழித்துக் கையெழுத்திட்டது. உடனே தோட்டக்காரருக்கு மலிவான கை வேண்டியதாயிற்று. அந்தக் கையைத் தேடி அவர்களுடைய ஏஜெண்டுகள் வந்த இடம் புதுச்சேரியும் காரைக்காலும். 1853இல் ஒரு கப்பல் நம்மவரை மார்த்தினிக்கில் கொண்டுபோய் இறக்கிற்று. 1854ஆம் வருஷம் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் குவாதலூப்பில் முதல் கூட்டம் இறங்கிற்று. 1861இல் பிரிட்டிஷாரும் பிரெஞ்சுக்காரரும் உடன்படிக்கை செய்துகொண்டு, பிரிட்டிஷ் எல்லையிலிருந்த தமிழ் ஜில்லாக்களிலும் ஆள் பிடிக்க வழி செய்தார்கள். குவாதலூப்புக்குச் சுமார் 42,000 பேர், மார்த்தினிக்குக்குச் சுமார் 25,000 பேர், ரெயூனியனுக்கு லட்சத்திற்கு மேல் என்று அந்த நூற்றாண்டில் இந்தியர் போனார்கள். ஐந்து வருஷ ஒப்பந்தம். எழுதப்படிக்கத் தெரியாதவன் பெருவிரலை மையில் தோய்த்து வைத்தான்.

ஏன் போனார்கள்? கடல் தாண்டினால் ஜாதி போய்விடும் என்று சாஸ்திரம் சொன்ன நாட்டிலிருந்து ஆயிரமாயிரமாகக் கடல் தாண்டினார்களே, ஏன்? நிலம் இல்லை. உழுதவனுக்குக் கூலி போதவில்லை. மழை பொய்த்தால் அதுவும் இல்லை. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தையே விழுங்கிய தாது வருஷப் பஞ்சத்தில், சாகிறாயா, கப்பல் ஏறுகிறாயா என்ற இரண்டே கேள்விகள்தான் ஏழைக்கு இருந்தன. சாஸ்திரம் கஞ்சி ஊற்றவில்லை.

அந்த வழியும் பிறகு அடைபட்டது. கூலிகளை நடத்தும் விதம் பொறுக்காத தென்று பிரிட்டிஷ் இந்திய சர்க்கார் 1882இல் ரெயூனியனுக்கு ஆள் அனுப்புவதை நிறுத்திற்று. 1888க்குள் மற்றத் தீவுகளுக்கும் நின்றது. கவனியுங்கள் தோழர்களே! கப்பல் புறப்பட்டதும் ஒரு கையெழுத்தினால், கப்பல் நின்றதும் ஒரு கையெழுத்தினால். இதில் சனி எங்கே வந்தான்?

சங்கு ஊதிய காலம்

அடுத்தாற்போல் மில் காலம். புதுச்சேரியில் நீலம் தோய்த்த ஒருவகைத் துணி நெய்தார்கள். அதற்குக் கினே என்று பெயர். ஆப்பிரிக்காவிலுள்ள செனகல் தேசத்திற்கு அது ஏராளமாய்ப் போயிற்று. அந்தக் கிராக்கியை நம்பியே இங்கு ஆலைகள் எழுந்தன. சவானா மில், கெப்ளே மில், 1898இல் ரோடியர் மில் என்று மூன்று பெரிய மில்கள். அவைதாம் பிற்காலத்தில் சுதேசி மில், பாரதி மில், ஏ.எப்.டி. மில் என்று பெயர் மாறின. இந்த முதலியார்பேட்டைக்காரர்களுக்கு ரோடியர் மில்லைப்பற்றி நாம் சொல்லத் தேவையில்லை. நமது தகப்பனாரும் மில்காரரே. அந்தக் காலத்தில் கடிகாரம் இல்லாத வீட்டிற்கு மில் சங்குதான் கடிகாரம். சங்கு ஊதினால் கஞ்சி இறக்குவார்கள். சங்கு ஊதினால் பிள்ளைகள் பள்ளிக்கூடம் புறப்படுவார்கள்.

வில்லியனூர், அரியாங்குப்பம், பாகூர் கொம்யூன்களிலிருந்து விடியுமுன் நடந்தும், பின்னாளில் சைக்கிளிலும் ஆட்கள் வந்தார்கள். நிலமில்லாதவன் மகன், ஆண்டைக்குக் கைகட்டி நிற்க வேண்டாமல், மாதம் பிறந்தால் எண்ணி வாங்குகிற சம்பளத்தை முதல் முதலாகக் கண்டது அங்கேதான். சம்பளம் என்பது வெறும் காசல்ல தோழர்களே! அது முதுகெலும்பை நிமிர்த்துகிற மருந்து.

ஆனால் அந்த மில்லிலும் ஆதியில் எட்டு மணி நேரமா வேலை? விடிந்தால் போய் இருட்டினால் வருகிற வேலை. "அது நம் விதி" என்றுதான் அன்றைய தொழிலாளியும் நினைத்திருந்தான். பிறகு அந்த விதியைத் தட்டிக் கேட்டான். தோழர் வ. சுப்பையா முதலியவர்கள் சங்கம் கட்டினார்கள். 1936ஆம் வருஷம் ஜூலை 30ந் தேதி வேலை நிறுத்தம் செய்த தொழிலாளர்மீது பிரெஞ்சு போலீஸ் சுட்டது. பன்னிரண்டு பேர் மாண்டார்கள். சத்தம் பாரீஸ் வரைக்கும் கேட்டது. 1937இல் எட்டு மணி நேர வேலையும், சங்கம் வைத்துக்கொள்ளும் உரிமையும் சட்டமாயின. "விதி" என்று நினைத்திருந்த வேலை நேரம் ஒரு காகிதத்தில் மாறிற்று. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் இந்த இடத்திற்கே திரும்பி வருவோம்.

மூன்று மில்லுக்கும் மூன்று பூட்டு

1954 நவம்பர் முதல் தேதி புதுவையின் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. 1962 ஆகஸ்டு 16இல் சட்டப்படியான மாற்றமும் முடிந்தது. அது சந்தோஷமான காரியமே. அன்னியன் போனதற்காக அழுகிறவர் நாமல்ல. ஆனால் அன்னியன் போகிறபோது அவனுடைய குடியேற்ற நாடுகளின் சந்தையும் போயிற்று. செனகலுக்கு நீலத்துணி அனுப்பிய காலம் முடிந்தது. சைகோனில் கணக்கப்பிள்ளையாகவும் போலீஸாகவும் புதுவைத் தமிழர் பார்த்த உத்தியோகங்களும், 1954இல் பிரெஞ்சுக்காரர் இந்தோசீனாவில் தோற்றதோடு முடிந்தன. பழைய சந்தை போகிற இடத்தில் புதிய சந்தை வர ஏற்பாடு செய்தார்களா, புதிய இயந்திரம் போட்டார்களா என்பதுதான் கேள்வி. போதுமான அளவு செய்யவில்லை யென்பதற்குப் பூட்டிக் கிடந்த மில்லே சாட்சி.

1980களில் ரோடியர் மில் மூடப்பட்டது. தொழிலாளர் தெருவில் இறங்கிப் போராடினார்கள். புதுவை சர்க்கார் அதை எடுத்து நடத்திற்று. மூடியதும் கையெழுத்து, திறந்ததும் கையெழுத்து. மற்ற இரண்டு மில்களும் அப்படியே சர்க்கார் கைக்கு வந்து சேர்ந்தன. வந்தும் என்ன? பழைய தறி, பழைய கட்டடம், ஏறுகிற நஷ்டம். ஓய்வு பெற்றவன் இடத்தில் புது ஆள் இல்லை. 2011 டிசம்பர் 30ந் தேதி தானே புயல் வந்து ரோடியர் மில்லைச் சின்னாபின்னமாக்கிற்று. 2020 ஏப்ரல் கடைசியில் அந்த மில் இழுத்து மூடப்பட்டது. மற்ற இரண்டின் கதையும் அதே வருஷத்தில் முடிந்தது.

இங்கே ஒரு தோழர் கேட்கலாம். "புயல் யார் போட்ட கையெழுத்து?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. புயல் யார் கையெழுத்துமல்ல, அது இயற்கை. ஆனால் புயல் கூரையைத்தான் பிரிக்கும். பிரிந்த கூரையை மறுபடி வேய்வதா, வேண்டாமா என்பதைப் புயல் முடிவு செய்வதில்லை. அதைக் கோப்பில் எழுதி ஒருவர் கையெழுத்திடுகிறார். குடிசைக்காரன் தானே புயலுக்குப் பிறகு தன் குடிசையை வேய்ந்து கொள்ளவில்லையா?

இன்னொன்றும் யோசியுங்கள். ஒரு மில் மூடுகிற அன்று, எஞ்சியிருந்த அத்தனை பேருக்கும் ஒரே நாளில் வேலை போகிறது. அவர்களில் மேஷ ராசிக்காரரும் இருந்திருப்பார், மீன ராசிக்காரரும் இருந்திருப்பார். குருபலம் உள்ளவரும், குருபலம் இல்லாதவரும் இருந்திருப்பார். இந்து, கிறிஸ்து, முஸ்லீம் மூவரும் இருந்திருப்பார்கள். அத்தனை ஜாதகமும் ஒரே தேதியில், அதுவும் சர்க்கார் உத்தரவில் போட்டிருந்த அதே தேதியில் கெட்டுப் போனதென்றால், அது கிரகம் போட்ட தேதியா, ஆபீசு போட்ட தேதியா?

வந்ததும் போனதும்

இடையில் ஒரு நல்ல காலம் வந்ததை மறைக்கக் கூடாது. புதுவையில் தொழில் வைப்பவருக்கு வரிச்சலுகை உண்டென்று சர்க்கார் சொன்னபோது, வெளியூர் முதலாளிகள் ஓடிவந்தார்கள். தட்டாஞ்சாவடி, மேட்டுப்பாளையம், சேதராப்பட்டு ஆகிய இடங்களில் தொழிற்பேட்டைகள் நிறைந்தன. கிராமத்துப் பெண்கள் கம்பெனி வண்டியில் ஏறிப் போய் வேலை செய்யக் கண்டோம். சலுகையின் காலம் தீர்ந்தது. 2017 ஜூலை முதல் தேதி தேசமெங்கும் ஒரே சரக்கு சேவை வரியும் வந்தது. வரிக்காக வந்தவர்களில் பலர், வரி ஆதாயம் தீர்ந்ததும் மூட்டை கட்டினார்கள். சலுகையை நம்பி வருகிறவன் நிழலுக்கு ஒதுங்குகிறவனைப் போன்றவன். வெயில் சாய்ந்தால் எழுந்து போய்விடுவான். அவன் இருக்கும்போதே நம் பிள்ளைகளுக்குத் தொழில் நுணுக்கம் கற்றுக் கொடுத்து, நம் ஊரிலேயே வேர்விடும் தொழிலை வளர்க்காதது யார் குற்றம்? அதுவும் கிரகமா?

கிராமத்தைப் பாருங்கள். பாகூரைப் புதுவையின் நெற்களஞ்சியம் என்பார்கள். களஞ்சியத்தில் நெல் இருக்கிறது, அறுக்க ஆள் வேண்டாம். முன்பு ஒரு வயலில் பத்துப் பதினைந்து பேர் நாள் முழுதும் குனிந்து அறுத்ததை, இன்று அறுவடை இயந்திரம் ஒரு மணி நேரத்தில் முடித்துவிடுகிறது. இயந்திரத்தின்மீது நமக்குக் கோபமில்லை. முதுகு ஒடியக் குனிந்து அறுப்பதே தர்மம் என்று சொல்ல நாம் மூடரல்ல. ஆனால் இயந்திரம் மிச்சப்படுத்திய கூலி யார் பைக்குப் போயிற்று? முதுகு நிமிர்ந்தவனுக்கு வேறு வேலை எங்கே? இதைக் கேட்பதுதான் பகுத்தறிவு. நெல்லுக்கு அடுத்தபடி கரும்பு. லிங்காரெட்டிப்பாளையத்தில் இருந்த கூட்டுறவுச் சர்க்கரை ஆலையும் அரவை நின்று கிடந்தபோது, கரும்பு வெட்டுகிறவன், வண்டி ஓட்டுகிறவன், டீக்கடை வைத்தவன் எல்லோருக்குமே அந்த நிறுத்தம் கசந்தது.

கணக்கு போடும் வேஷம்

இனி, கணக்கைப் பற்றிச் சில வார்த்தை. கிரகத்தை நம்பாத நம்மவர்களில் சிலர், சர்க்கார் புள்ளிவிவரத்தை வேதம்போல் நம்புகிறார்கள். எதையும் ஆராயாமல் நம்புவது மூடநம்பிக்கையே. அது ஓலையில் இருந்தாலென்ன, புள்ளிவிவர அறிக்கையில் இருந்தாலென்ன?

2017-18ஆம் வருஷத்து இந்திய சர்க்காரின் தொழிலாளர் கணக்கெடுப்பில், வேலையில்லாதார் நூற்றுக்குச் சுமார் 6 பேர் என்று வந்தது. 2023-24இல் அது 3.2 ஆகக் குறைந்தது. கேட்க இனிமையாகவே இருக்கிறது. ஆனால் "வேலையில்லாதவர்" என்று அந்தக் கணக்கு யாரைச் சொல்லுகிறது? வேலையும் இல்லாமல், வேலையைத் தேடிக்கொண்டோ, கிடைத்தால் செய்யத் தயாராகவோ இருக்கிறவரைத்தான் சொல்லுகிறது. தேடித் தேடிச் சலித்து, "இனிமேல் என்ன" என்று ஒதுங்கிவிட்டவர் அந்தப் பட்டியலில் இல்லை. அப்படியானால், நம்பிக்கை இழந்தவர் தொகை கூடினால் வேலையில்லாதார் தொகை குறையும்! இது எப்படி இருக்கிறது பாருங்கள்!

இன்னும் உண்டு. அந்தக் கணக்கில் இரண்டு விதம் இருக்கிறது. வருஷக் கணக்கின்படி, வருஷத்தில் முப்பது நாள் வேலை செய்தவரும் வேலை உள்ளவராகச் சேர்க்கப்படலாம். வாரக் கணக்கின்படி, வாரத்தில் ஏதேனும் ஒரு நாளில் ஒரு மணி நேரம் வேலை பார்த்திருந்தால் போதும், அவர் வேலை உள்ளவர். சம்பளமில்லாமல் வீட்டுக் கடையில் உட்கார்ந்து உதவுகிற பிள்ளையும், அண்ணன் வயலில் கூலியின்றிக் களை எடுக்கிற தங்கையும் வேலை உள்ளவர்களே. கணக்குக்காரர் பொய் சொல்லுகிறார் என்று நாம் சொல்லவில்லை. உலகத்துத் தேசங்கள் பலவற்றிலும் இத்தகைய இலக்கணத்தையே வைத்திருக்கிறார்கள். அறிக்கையிலும் அந்த இலக்கணத்தை எழுதித்தான் இருக்கிறார்கள். படிக்காமல் எண்ணை மட்டும் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர் குற்றமே அது. பாகூர்ப் பையன் பந்தி பரிமாறிய வாரத்தில் கணக்கெடுப்பவர் வந்திருந்தால், அவனும் வேலை உள்ளவனே!

எதிர்ப்பக்கத்து எண்ணையும் அப்படியே உரைத்துப் பார்க்க வேண்டும். 2020 ஏப்ரலில் கொரோனா ஊரடங்கின்போது, இந்தியப் பொருளாதாரக் கண்காணிப்பு மையம் என்கிற தனியார் நிறுவனம், புதுவையில் வேலையில்லாதார் நூற்றுக்கு 75.8 பேர் என்று சொல்லிற்று. தமிழ்நாட்டில் 49.8 என்றது. பத்திரிகைகள் எல்லாம் அலறின. புதுவை சிறிய பிரதேசம். விசாரிக்கப்படும் குடும்பங்கள் கொஞ்சமாக இருந்தால் எண் தாறுமாறாய் ஏறி இறங்கும். ஆகையால் அதையும் அப்படியே விழுங்க வேண்டாம். ஆனால் அந்த எண் ஒரு உண்மையைச் சொல்லிற்று. ஓட்டல், கடைத்தெரு, உல்லாசப் பிரயாணி, கட்டட வேலை என்று அன்றாடம் கிடைத்தால் உண்டு என்கிற பிழைப்பில்தான் நம்மில் பெரும்பாலோர் நிற்கிறோம். ஒரு உத்தரவில் தெரு அடைந்தால் அடுப்பும் அடைகிறது. இதற்குப் பெயர் வேலை யிருப்பதல்ல, வேலை கைக்கும் வாய்க்கும் இடையில் ஊசலாடுவது.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. 2005ஆம் வருஷத்துச் சட்டத்தின்படி கிராமக் குடும்பத்திற்கு வருஷத்தில் நூறு நாள் வேலை என்ற ஏற்பாடு 2008இல் புதுவைக்கும் வந்தது. வேலை கேட்டுப் பதினைந்து நாளில் கொடுக்காவிட்டால் படி கொடுக்க வேண்டுமென்றும் அந்தச் சட்டத்தில் எழுதியிருந்தது. அந்த ஏற்பாட்டில் வருஷத்தில் நூறு நாளும் வேலை பார்த்தவர் இக்கூட்டத்தில் யாராவது இருந்தால் கை தூக்குங்கள். (யாரும் தூக்கவில்லை.) வேலை கொடுக்காததற்குப் படி வாங்கியவர்? (சிரிப்பு.) பாருங்கள்! காகிதத்தில் கையெழுத்து வந்தால் மட்டும் போதாது. அதைப் படித்துக் காட்டிக் கேட்கிற வாயும் வேண்டும்.

சோம்பேறி என்பவருக்கும் ஜாதி என்பவருக்கும்

சிலர் இருக்கிறார்கள். "இந்தக் காலத்துப் பையன்கள் சோம்பேறிகள், வேலை எவ்வளவோ இருக்கிறது" என்பார்கள். அவர்களுக்கு ஒரு கேள்வி. மில் ஓடியபோது இதே ஊர்ப் பையன்கள்தானே விடியுமுன் எழுந்து ஓடினார்கள்? தொழிற்பேட்டை நிறைந்திருந்தபோது இதே பெண்கள்தானே ராத்திரி வேலைக்கும் போனார்கள்? வேலை இருந்த வருஷத்தில் சுறுசுறுப்பும், வேலை போன வருஷத்தில் சோம்பேறித்தனமும் ஒரு ஊர் முழுவதற்கும் சேர்ந்தாற்போல் எப்படி வரும்?

இன்னொரு சாரார், "அவனவன் குலத்தொழிலைச் செய்தால் வேலையில்லாத் திண்டாட்டமே இராது" என்பார்கள். நல்லது! அப்படிச் சொல்லுகிறவர் வீட்டுப் பிள்ளை எங்கே படிக்கிறான் என்று பாருங்கள். சாக்கடைக் குழியில் இறங்குகிற வேலைக்கு மட்டும் ஏன் எல்லா ஜாதியாரும் வரிசையில் நிற்பதில்லை? அந்த வேலைக்குப் போட்டியே கிடையாது. பிறவியிலேயே ஆள் ஒதுக்கி வைத்திருக்கிறார்களே! ஒரு கூட்டத்திற்கு விரும்பாத வேலை நிச்சயம், மற்றொரு கூட்டத்திற்கு விரும்பிய வேலை நிச்சயம் என்கிற ஏற்பாட்டிற்குப் பெயர் வேலை வசதியல்ல, வேலைச் சிறை. படித்த பறையர் வீட்டுப் பிள்ளையும், படித்த மீனவர் வீட்டுப் பெண்ணும் தாங்கள் விரும்புகிற வேலையைக் கேட்டு நிற்கிறார்களே, அது திண்டாட்டந்தான். ஆனால் அந்தச் சிறைக்குத் திரும்பிப் போவது அதற்குப் பரிகாரமல்ல.

யாரைக் கேட்பது?

சரி, கையெழுத்துத்தான் காரணம் என்றால், யாரைப் போய்க் கேட்பது? இங்கேதான் நமது புதுவையின் பெரிய ஓட்டை இருக்கிறது. இங்கே உள்ளாட்சித் தேர்தல் 1968இல் நடந்தது. அதற்குப் பிறகு 2006இல்தான் நடந்தது. முப்பத்தெட்டு வருஷ இடைவெளி! 2006இல் வந்தவர்கள் காலம் 2011இல் முடிந்தது. அதன்பின் பத்து வருஷத்திற்கும் மேலாகத் தேர்தல் நடக்கவில்லை. ஏரி தூர்ந்தால், நூறு நாள் வேலை நின்றால், ஊர்ப் பிள்ளைகள் திரிந்தால், "நீ என் ஓட்டு வாங்கினாய், பதில் சொல்" என்று சட்டையைப் பிடித்துக் கேட்க ஊருக்குள் ஒருவர் வேண்டும். கொம்யூனில் அந்த ஒருவர் இல்லாமலே ஒரு தலைமுறை வளர்ந்துவிட்டது. கேட்க ஆள் இல்லாத இடத்தில்தான் ஜோசியன் பதில் சொல்ல வருகிறான். சாமியார் வருகிறார். "சர்க்கார் வேலை வாங்கித் தருகிறேன், இத்தனை லட்சம் கொடு" என்று தரகனும் வருகிறான். இம்மூவரும் ஒரே தொழிலைத்தான் செய்கிறார்கள். நமது கேள்வியை விலைக்கு வாங்கிக்கொண்டு போகிறார்கள்.

ஆகவே தோழர்களே! நாம் சொல்லும் யோசனை பெரிய யோசனையல்ல. ஒரு நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் போதும். ஒவ்வொரு ஊரிலும் நாலு வாலிபர்கள் சேருங்கள். வீடு வீடாகப் போங்கள். தெருவையும் காலனியையும் சேர்த்து எழுதுங்கள். ஆணையும் பெண்ணையும் சேர்த்து எழுதுங்கள். யார், என்ன வயது, என்ன படிப்பு, சென்ற மாதம் எத்தனை நாள் வேலை, என்ன கூலி, எங்கெங்கே வேலை கேட்டார், என்ன பதில் வந்தது என்று எழுதுங்கள். "வேலை தேடவில்லை" என்பவரிடம், ஏன் தேடவில்லை என்று கேட்டு அதையும் எழுதுங்கள். ஆறு மாதத்திற்கொரு முறை மறுபடி எழுதுங்கள். ஏறுகிறதா இறங்குகிறதா என்று உங்களுக்கே தெரியும். பிறகு அந்த நோட்டை எடுத்துக்கொண்டு போய், கொம்யூன் வாரியாகச் சர்க்கார் கணக்கு எங்கே என்று கேளுங்கள். மூடிய மில்களின் நிலத்தில் என்ன தொழில் வரப்போகிறது, அதில் எத்தனை பேருக்கு வேலை என்று கேளுங்கள். உள்ளாட்சித் தேர்தல் எப்போது என்று கேளுங்கள். ஒருவன் கேட்டால் மனு, ஊரே கணக்கோடு கேட்டால் அது வேறு.

இது நடக்குமா என்று சந்தேகப்படுகிறவர்கள், சற்று முன் நாம் மனதில் வைத்துக்கொள்ளச் சொன்னதை நினைத்துப் பாருங்கள். 1936இல் பன்னிரண்டு பேர் உயிரைக் கொடுத்தார்கள். அடுத்த வருஷம் எட்டு மணி நேரம் சட்டமாயிற்று. அவர்களுக்கு நம்மைப்போல் படிப்பு அதிகம் இல்லை. அவர்களிடம் இருந்ததெல்லாம் ஒரே ஒரு அறிவு. தங்களைப் பிழிகிறது தெய்வமல்ல, மனிதன் எழுதிய விதி என்றும், மனிதன் எழுதியதை மனிதன் திருத்தலாம் என்றும் அவர்கள் கண்டுகொண்டார்கள். நம்மை உயிரைக் கொடுக்கும்படி யாரும் இன்று கேட்கவில்லை. ஒரு நோட்டுப் புத்தகந்தான் கேட்கிறோம்.

கடைசியாக அந்தப் பாகூர்ப் பக்கத்துப் பையன் விஷயம். சென்ற வாரம் அவன் நம்மைத் தேடிப் புதுவைக்கு வந்தான். வேலை கிடைத்துவிட்டதாக்கும் என்று நினைக்க வேண்டாம், கிடைக்கவில்லை. கையில் ஒரு நோட்டு வைத்திருந்தான். அன்று அவன் தகப்பனார் விரல்விட்டு எண்ணிய முப்பத்தெட்டுப் பேரின் பெயரையும் எழுதத் தொடங்கினானாம். எழுதப் போனால் அறுபத்தொன்று வந்ததாம். பெண்பிள்ளைகளைப் பெரியவர் எண்ணவே யில்லை! நோட்டை நம்மிடம் கொடுத்து, "அப்பாவும் இதில் ரெண்டு பேர் சொல்லிச் சேர்த்தாருங்க" என்றான். சனியைப்பற்றி அந்தப் பெரியவர் இப்போது என்ன நினைக்கிறார் என்று நாம் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. எண்ணத் தொடங்கிய மனிதன் யோசிக்கத் தொடங்கிவிட்டான் என்பதே நமக்குப் போதும்.

ஆதலால் தோழர்களே, தலையெழுத்து என்று தலையில் அடித்துக்கொள்ளும் கையில் இனி ஒரு பேனாவை எடுங்கள் என்று கேட்டுக் கொள்கிறோம்.